கயிற்றுக்குள் நுழைவது

அன்று மாலை நாலு மணிக்கு மூன்றாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள்: வகுப்பாசிரியை குரேபயாஷி; வகுப்புத் தாய்மார்களின் பிரதிநிதியான ரூரியின் அம்மா; கனோவின் அப்பாவான நான். வெளியே நடையில் கனோவும் ரூரியும். என் மனைவிக்குப் பகல் வேலை. எனக்கு இரவு வேலை என்பதால் நான் தூங்காமல் வந்திருந்தேன்.

பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. என் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. மேசையும் சேர்ந்து ஆடியது.

"கனோ அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் ரூரியின் அம்மா. அப்படி ஆரம்பிப்பவர்கள் தப்பாகத்தான் எதையாவது சொல்லப்போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை நீளக் கயிறு போட்டி. இரண்டு பேர் கயிற்றைச் சுற்ற, முப்பத்தொரு பிள்ளைகள் வரிசையாக ஒவ்வொருவராய் உள்ளே நுழைந்து, ஒரு தாவு தாவி, அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். மூன்று நிமிடத்தில் எத்தனை தாவல் என்பதுதான் கணக்கு. போன வாரம் கனோ காய்ச்சலில் கிடந்த அன்று வகுப்பு நூற்றுப் பதினெட்டு எடுத்தது. அவள் திரும்பி வந்த அன்று எழுபத்தொன்று.

"கனோ நம்பர்ல புலி. தாவாம, ஓரமா நின்னு எண்ணட்டுமே. அவளுக்கும் நிம்மதி."

"நீங்க சம்மதிச்சா மட்டும்தான் சார்" என்றார் டீச்சர். பேனா ஏற்கெனவே கையில் இருந்தது.

கனோவுக்கு ஆட்டிசம். ஒன்பது வயது. கண் பார்த்ததைக் கால் கேட்பதற்குள் நேரம் போய்விடும். பொத்தான், பந்து, படிக்கட்டு, எல்லாமே அப்படித்தான். மற்றவர்களோடு பழகமாட்டாள் என்று பள்ளியில் வருடாவருடம் எழுதினார்கள். இந்த வயதில் பழக்கம் வாயில் இல்லை, காலில் இருக்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. ஓடத் தெரியாதவளை யாரும் துரத்துவதில்லை. யாருமே துரத்தாதவள் யாரிடம் என்ன பேசக் கற்றுக்கொள்வாள்? கயிறு ஆரம்பித்த பிறகுதான் முதல் தடவையாக வீட்டில் இன்னொரு பிள்ளையின் பெயரைச் சொன்னாள். ரூரி.

இது எனக்குத் தெரியும். தெரிந்தும், "சரி, எண்ணட்டும்" என்று சொன்னேன்.

பென்டோ எனும் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் சோற்றின் மேல் ஊறுகாய் வைக்கும் வரிசைக்கு நான்தான் பொறுப்பு. பெட்டிகளைச் சுமந்து ஓடும் பட்டை யாருக்காகவும் நிற்காது. கை மெதுவான ஆளைத் தட்டு கழுவ அனுப்பிவிடுவேன். அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றும் அதே வாய்தான் பேசியது.

கதவு படாரென்று திறந்தது. ரூரி நின்றாள்.

"அதெல்லாம் முடியாது! நான் முதுகுல தட்டினா அவ கரெக்டா உள்ள போறா."

"ஒட்டுக் கேட்டியா நீ?" என்றாள் அவள் அம்மா.

"நீ கத்துறது மூணாவது மாடிக்கே கேக்குது. இதுல ஒட்டு வேற கேக்கணுமா?"

கனோ பின்னால் சுவரைப் பார்த்து நின்றாள். தொட்டால் பிடிக்காத பிள்ளை. "தட்டுறாளா உன்னை?" என்று கேட்டேன்.

"வலிக்குது. ஆனா கால் போயிடுது" என்றாள். பிறகு, "எண்ண மாட்டேன். எண்ணுறவங்க வரிசையில இல்ல."

நான் டீச்சர் பக்கம் திரும்பினேன். "சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"சார், இப்பத்தானே..."

"எழுதினதை அடிச்சிடுங்க."

ரூரியின் அம்மா எழுந்தாள். "அப்ப ஒரு தடவை பண்ணிக் காட்டட்டும். பேச்சா பேசி என்ன ஆகப்போகுது?"

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். ஒரு முனையில் டீச்சர், மறு முனையில் பள்ளி கொடுத்த விருந்தாளிச் செருப்போடு ரூரியின் அம்மா.

"அம்மா, கயிறு சுத்து. நூடுல்ஸ் கிண்டாத!"

கயிறு தரையில் அடித்தது. ரூரி தட்டினாள். கனோ ஒரு அடி வைத்து நின்றாள். கயிறு அவள் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது தடவை காலில் சிக்கியது. மூன்றாவதில் நுழையவே இல்லை. நாலாவதில் விழுந்தாள். எழுந்தாள். யாரும் கை கொடுக்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

ரூரியின் அம்மா தோளைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சுவர் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். நிற்க முடியவில்லை.

கனோ நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீ வெளிய போ."

"ஏன்டா?"

"நீ 'இப்போ, இப்போ'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கே. எனக்கு ரூரி தட்டுறது தெரியல."

நான் வாயைத் திறந்து எதுவும் சொன்னதாக எனக்கே தெரியாது. டீச்சரைப் பார்த்தேன். அவர் தலைகுனிந்துகொண்டார். ரூரியின் அம்மா மட்டும் சொன்னாள்: "ஆமாங்க. கயிறு ஒரு தாளம், நீங்க ஒரு தாளம்."

"வெள்ளிக்கிழமையும் வராத" என்றாள் கனோ. "நான் வரிசையில இருப்பேன். நீ வராத."

"சரி."

வாசலில் கழற்றி வைத்திருந்த ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு வெளிப்படியில் இறங்கினேன். சிமெண்ட் சில்லென்று இருந்தது. திரும்புவதற்குள் ரூரி இரும்புக் கதவை இரண்டு கையாலும் தள்ளி மூடினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.