நிலா வாரத்தில் ஒரு சட்டி பச்சை மீன்

மசிக்காவுக்கு அந்த வாரம் முழுக்க வீட்டில் கால் தரிக்கவில்லை. களி கிண்ட உட்காருவாள், பாதியில் எழுந்து வாசலுக்குப் போய் ஏரியைப் பார்ப்பாள். ஏரியில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டிரண்டாகக் கம்பு கட்டிப் பிணைத்த படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. ஆண்கள் வலையின் கிழிசலைத் தைத்தார்கள், கூரைக்குப் புதுப்புல் வேய்ந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். டங்கனிக்கா ஏரிக்கரையில் நிலா பெருத்துவிட்டால் அப்படித்தான். இருட்டில் பெட்ரோமாக்ஸை ஏற்றினால்தான் விரல் நீள டகா மீன் கூட்டம் கூட்டமாக மேலே வரும். வானத்திலேயே அவ்வளவு பெரிய விளக்கு எரியும்போது படகு விளக்கை எந்த மீன் மதிக்கும்? அது ஏரி முழுக்கச் சிதறிப்போய் எங்கோ ஆழத்தில் மேயும்.

இது அந்தக் கரையில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். மசிக்காவோ டகாவை மணலில் பரப்பிக் காயவைத்து விற்றே பிழைப்பவள். புருஷன் இறந்த பிறகு மகள் துனுவை அவள் ஆளாக்கியதும் அந்தக் கருவாட்டில்தான். அப்படிப்பட்டவள் நிலா வாரத்தில் மகளின் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டாருக்குப் பச்சை மீன் சமைத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

கொடுத்தபோது அமாவாசைச் சமயம். கரை முழுக்க வெள்ளியைக் கொட்டினாற்போல் மீன். கசுலு மலைப்பக்கத்திலிருந்து லாரி ஏறி வந்திருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். நிலா வெளிச்சத்தில் ஆடிப்பாட வசதியாக இருக்கும் என்று அவர்கள் ஒரு நாளைச் சொன்னார்கள். படகுக்காரர்களும் கரையில் இருப்பார்கள் என்று ஊர்க்காரர்கள் தலையாட்டினார்கள். அந்த ஊரில் எல்லாக் கல்யாணமும் நிலா வாரத்தில்தான் நடக்கும்; விருந்துக்கு ஆட்டுக்கறியும் கருவாடும் வைப்பார்கள். யாரும் பச்சை மீன் கேட்டதில்லை. பேச்செல்லாம் முடிந்து கிளம்பும்போது மாப்பிள்ளையின் தாய் முவாமினி, தோளில் போட்டிருந்த துணியால் வாயை மறைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"கல்யாணத்தன்னிக்குப் பச்சை மீன் இருக்குமா சம்பந்தியம்மா? கருவாடு வேண்டாமே."

"இருக்குமாவா? வலையில துள்றத அப்படியே சட்டியில போடறேன், பாருங்க" என்றாள் மசிக்கா. மகளுக்கு நல்ல இடம் அமைந்த சந்தோஷத்தில் அவளுக்கு நிலா ஞாபகமே வரவில்லை.

இப்போது அந்தப் பேச்சு நெஞ்சில் முள்ளாக நின்றது. கருவாடு மலைச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் சாமான். அதையே வாரித் தட்டில் வைத்தால், உங்களுக்கு இது போதும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? தனக்கு வரும் அவமானம் போகட்டும். துனு அந்த வீட்டில் வாழப் போகிறவள். 'உங்கம்மா சொன்ன சொல்லு தெரியாதா' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் பெண் ஆயுசுக்கும் தலைகுனிய வேண்டும்.

அவளோடு மணலில் மீன் காயவைக்கும் கிபிபிக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கையாக இருந்தது.

"நிலாவை வேணா ஒரு துணி போட்டு மூடிப் பார்க்கலாமாக்கா? ஆளுக்கொரு முனையப் பிடிச்சுக்குவோம்" என்றாள்.

மசிக்கா சிரிக்கவில்லை. விடிந்ததும் கிகோமா சந்தைக்குப் போய் வந்தாள். அங்கேயும் மீன் தட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. எல்லா ஊருக்கும் ஒரே நிலாதானே. பகலில் தூண்டில் போடும் கிழவரிடம் சொல்லி வைத்தாள். ராத்திரியெல்லாம் வெளிச்சத்தில் மேய்ந்து வயிறு நிறைந்த மீன் இரையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று அவர் வெறுங்கையோடு வந்தார். தொழுகையில் நெற்றி பாயில் பட்டதும் மீன்தான் அவள் கண்ணில் வந்தது. அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்ட வாயோடு மீனையும் கேட்டாள்.

"உட்காரும்மா. கருவாட்டுல நிலக்கடலை அரைச்சு ஊத்தி வெச்சா போச்சு. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள் துனு.

"இன்னிக்குச் சொல்ல மாட்டாங்க. வருஷம் முழுக்கச் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு மசிக்கா மறுபடி வாசலுக்குப் போனாள்.

படகுத் தலைவர் மவுலிதியிடம் கேட்கலாம்தான். ஆனால் இருட்டுக் காலம் முழுக்கக் குளிரில் விழித்துக் கிடந்தவர்கள் அவரும் அவருடைய ஆட்களும். பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்க அவர்களுக்குக் கிடைப்பது இந்த வாரம் ஒன்றுதான். அதைப் பிடுங்க அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு தடவை அவர் வீட்டுப் பக்கம் போய், உப்புக் கடன் கேட்க வந்தவள் போல் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

பவுர்ணமி கழிந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகலில் மவுலிதி தாமாகவே வந்து வாசலில் நின்றார்.

"நீ தூங்கறதில்லேன்னு ஊருக்கே தெரியும் தங்கச்சி. நானும் தூங்கறதில்ல. ராத்திரி முழிச்சே பழகின கண்ணு, கரையில படுத்தா மூட மாட்டேங்குது. ஏன், உப்பு மட்டுந்தான் கேக்கத் தெரியுமா உனக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கிழக்கே மலையைக் காட்டினார். பவுர்ணமி தாண்டிவிட்டதால் நிலா பிந்தித்தான் வரும். வந்தாலும் முதலில் மலைக்குப் பின்னால்தான் நிற்கும். அது மலையேறி வரும் வரை கரையோரத் தண்ணீரில் மலையின் நிழல் கிடக்கும். அந்த இருட்டுக்குள் ஒரே ஒரு தடவை வலை இறக்கலாம் என்றார். "வந்தா வரும். வராட்டி என்னைத் திட்டக் கூடாது."

"பசங்க ஓய்வா இருக்காங்களேண்ணே."

"நாளைக்கு உன் வீட்டுல சாப்பிடத்தானே போறானுங்க. கொஞ்சம் உடம்பு வளையட்டும்."

ஒரே ஒரு சிக்கல். விளக்குக்கு எண்ணெய் இல்லை. இருட்டுக் காலம் முடியும்போதே தகரங்கள் காலியாகிவிட்டன; எண்ணெய்க் கடைக்காரரும் நிலா வாரத்தில் வியாபாரம் இல்லையென்று கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். மசிக்காவுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் நின்ற கிபிபி தன் வீட்டுக்குப் போய்ச் சிம்னி விளக்கை எடுத்து வந்து, மூடியைத் திருகித் தகரத்தில் கவிழ்த்தாள்.

"வானத்துல இவ்வளவு பெரிசு தொங்கறப்ப வீட்டுக்கு எதுக்குக்கா விளக்கு?" என்றாள்.

பிறகு அவளே தகரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் இரண்டு கரண்டி, ஒரு வீட்டில் அரைப் புட்டி. அந்தி சாயும்போது இரண்டு பெட்ரோமாக்ஸுக்குப் போதுமான எண்ணெய் சேர்ந்திருந்தது.

மஃரிப் தொழுகை முடிந்ததும் படகு இறங்கியது. கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் விளக்குகள் எரிந்தன. மசிக்கா நின்ற இடத்தில் நிற்க முடியாமல் மணலில் இங்கும் அங்கும் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் ஏரியின் நடுவே, தூரத்துத் தண்ணீர் வெளுத்தது. நிலா மலைக்குப் பின்னால் வந்துவிட்டது. அந்த வெளுப்பு ஒரு கோடு மாதிரி கரையைப் பார்த்து நகர்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் பொறு, இன்னும் கொஞ்சம் என்று அவள் யாரிடம் சொன்னாளோ தெரியவில்லை. படகில் ஆட்கள் ஒன்றாகக் குரல் கொடுத்து வலையைத் தூக்கினார்கள். அடுத்த நிமிஷமே வெளிச்சம் படகைத் தொட்டு, விளக்குகள் மங்கிப்போயின.

வலையில் இருந்தது ஒரு சட்டி மீன். வழக்கமான நாளாக இருந்தால் அதை யாரும் மீன் என்றே சொல்ல மாட்டார்கள். மவுலிதி அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, "உன் சம்பந்திக்கு மட்டுந்தான் பத்தும்" என்றார்.

மறுநாள் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பெண்கள் உள்ளறையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் கறியும் கருவாட்டுக் குழம்பும் போனது. மசிக்கா அந்த ஒரு சட்டியை மட்டும் முவாமினியின் முன்னால் வைத்தாள். இவ்வளவுதான் கிடைத்தது, நிலாவை நினைக்காமல் பேசிவிட்டேன், மற்றவர்களுக்கு இல்லை, பெண்ணை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று கோர்வையில்லாமல் சொன்னாள்.

முவாமினி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயை மறைத்திருந்த துணியை இறக்கினாள். ஒரு பக்கம் முழுக்கப் பல்லே இல்லை.

"மத்தவங்களுக்கு யாரு கேட்டா? நான் எனக்குத்தான் கேட்டேன். உங்க கருவாட்டுல மணல் இருக்கில்ல, அதைக் கடிச்சே ஒரு பக்கத்துப் பல்லெல்லாம் போச்சு. மிச்சமும் ஆடுது. அத்தனை ஆம்பளைங்களுக்கு முன்னாடி, எனக்குப் பல்லில்லேன்னு எப்படிச் சொல்றது?"

மசிக்கா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைச் சந்தைக்குப் போகும் மூட்டைகளில் தன்னுடையதும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மீனை எடுத்து முள் நீக்கிக் களியோடு பிசைந்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் முவாமினி.

அப்போதுதான் மசிக்காவுக்கு வயிறு ஞாபகம் வந்தது. இருவரும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். வெளியே ஆட்டத்துக்கு மேளம் தட்டத் தொடங்கியபோது, மசிக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

நிலா தேய்ந்து மீண்டும் இருட்டுக் காலம் வந்தது. மசிக்கா மவுலிதியிடம் ஒரு பழைய கிழிசல் வலையை வாங்கி வந்தாள். இம்முறை உப்பு, அது இது என்று சுற்றிவளைக்காமல் நேராகக் கேட்டாள். நான்கு கம்பு நட்டு, மணலுக்கு மேலே வலையை இழுத்துக் கட்டி, முதல் கூடை டகாவை அதன்மேல் பரப்பினாள்.

"மீனுக்குக் கட்டில் போட்டாச்சாக்கா?" என்றாள் கிபிபி.

"பேசாம அந்த முனையப் பிடி. தொய்யுது" என்றாள் மசிக்கா.