முதல் ஆளாக ஏறுகிறவர்

1.

இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலேசியாவின் ஜொகூர் பாருவில் நிர்வாகவியல் கற்பிக்கும் பேராசிரியர் ரீத்தா, ஒரு காலத்தில் எனக்கும் பாடம் எடுத்தவர், போன மாதம் ஃபோனில் சொன்னார்: "ஆய்வுல இத எழுத முடியாதுமா. நீ கதையா எழுதிப் பாரேன்."

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையின் புகைக்கூண்டுகளுக்கு மேலே சூரியன் மெல்ல — (வேண்டாம். இந்தக் கதையில் சூரியனுக்கு வேலை இல்லை.)

2.

சிறு முதலாளிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பது ரீத்தாவின் ஆய்வு. மூன்று ஆண்டுகளில் நாற்பத்தொரு பேரைப் பேட்டி கண்டார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: பேட்டி கொடுப்பவர் வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. எதையாவது வாங்கிக்கொண்டால் ஆய்வு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். பாலில்லாத தேநீரான தே-ஓ கலக்க எழுந்தவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு உட்கார வைத்தார்.

(குறிப்பு: நம் ஆட்களிடம் இதைவிடப் பெரிய தப்பைச் செய்ய முடியாது. வாய் நனைக்காத விருந்தாளிக்கு நாம் பதில் சொல்வோம். விஷயத்தைச் சொல்ல மாட்டோம்.)

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் தனலெட்சுமி. கணவர் இறந்தபின் தொழிற்சாலை பஸ்கள் ஆறு ஓட்டுகிறவர். அதில் ஒன்று, காலை ஷிப்டுக்கு, உலு திராம் பக்கம் ஒரு பழைய தோட்டப் பாதைக்குள் இருபது நிமிடம் சுற்றிப்போய் ஒரே ஒரு ஆளை ஏற்றி வருகிறது. ஏன் என்று ரீத்தா கேட்டார்.

"அந்தப் பக்கம் புதுசா வீடுங்க கட்டப்போறாங்களாம் டீச்சர். அப்ப ஆள் கூடும்" என்றார் தனலெட்சுமி, ரெக்கார்டரைப் பார்த்தபடி.

'நீண்டகால வியூகம்' என்று ரீத்தா அட்டவணையில் போட்டார். கட்டுரையே அந்த பஸ்ஸைச் சுற்றித்தான் எழுந்தது. ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. வெளிவந்தால் பதவி உயர்வு நிச்சயம்.

3.

நன்றி சொல்ல மறுநாள் மதியம் தனலெட்சுமி வீட்டுக்குப் போனார். ஆய்வுதான் முடிந்துவிட்டதே என்று முதல்முறையாகத் தே-ஓவை வாங்கிக்கொண்டார். பாதிக் கோப்பையில் தனலெட்சுமி மனம் திறந்தார்.

"வீடும் இல்ல ஒண்ணும் இல்ல டீச்சர். எங்க வீட்டுக்காரர் கனகராஜ் தவறினப்ப மூணு நாள் பஸ் ஓடல. அப்ப இருந்ததே ஒரு பஸ்ஸுதான். வேற கம்பெனிக்காரன் வந்து எல்லாரையும் கூப்பிட்டான். இப்ப தனியா ஏறுறாங்களே, அந்த அக்கா ஏறல. 'தனம் பஸ்ஸு வரும்'னு சொல்லிட்டாங்க. அவங்களப் பாத்து மத்தவங்களும் ஏறல லா. பப்ளிக் பஸ் புடிச்சு லேட்டாப் போயி, வார்னிங் லெட்டர் வாங்குனாங்க. நாலாம் நாள் நானே ஸ்டியரிங் புடிச்சேன். ஏற ஆள் இருந்துச்சு."

கோப்பையை வாங்கி மறுபடி நிரப்பினார். "இப்ப அங்க எல்லாரும் மோட்டார் சைக்கிள் வாங்கிட்டாங்க. அவங்க மட்டும்தான் பாக்கி. அன்னிக்கு அவங்க எனக்காக நின்னாங்க. இன்னிக்கு நான் அவங்களுக்காக நிறுத்தறேன்."

"இத நான் எழுதலாமா?"

"வேணாம் டீச்சர். அவங்கதான் முதல் ஆளா ஏறுவாங்க. பஸ்ஸு வழியே அதுதான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. தனக்காகச் சுத்தி வருதுன்னு தெரிஞ்சா ஏற மாட்டாங்க. ரோஷக்காரங்க."

ரீத்தா காரில் உட்கார்ந்திருந்தார். கட்டுரையை அப்படியே விட்டுவிடலாம். அதிலிருக்கும் காரணம் பொய் என்று ஈ காக்காய்க்குத் தெரியாது. முடிவெடுப்பது எப்படி என்று பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவருக்கே ஒரு முடிவெடுக்க — (இந்த வாக்கியம் சாமர்த்தியம் காட்டுகிறது. நிறுத்துகிறேன்.) அடுத்த வாரம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பதவி உயர்வு கைநழுவியது. இப்போது மறுபடியும் முதலிலிருந்து: நாற்பத்தொரு வீடு, நாற்பத்தொரு தே-ஓ. சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் திட்டுகிறாராம்.

ஆனால் அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்லை. "இப்பத்தான்மா உண்மையப் பேசறாங்க. முகம் தெரியாத அந்த அம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்."

4.

அந்த அம்மாவின் பெயர் ரீத்தாவுக்கே தெரியாது. "எப்பவும் டிரைவருக்குப் பின் சீட்டாம், மடியில சிவப்பு தெர்மாஸாம்" என்றார். ஃபோனைக் காதில் வைத்தபடியே திரும்பினேன். எங்கள் சமையலறை மேடையில் அந்தத் தெர்மாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது.

அம்மாவின் பெயர் வெள்ளையம்மா. மலாய் மொழியில் வந்த அந்த வார்னிங் லெட்டரை அம்மாவுக்கு வாசித்துச் சொன்னவளே நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஏன் லேட் என்று அவர் சொல்லவில்லை. அந்த பஸ் தவறாமல் வந்ததால் அம்மா வேலைக்குப் போனார். அம்மா போனதால் நான் படித்தேன், ரீத்தாவின் வகுப்பு வரைக்கும். தனலெட்சுமி அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னால் விஷயம் அம்மாவுக்கு எட்டிவிடும். அதனால் இங்கே சொல்கிறேன். நன்றி அக்கா. ரொம்ப நன்றி.

5.

முடிவுகள் கையில் மூன்று இருக்கின்றன. அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது, ஏற மறுக்கிறார். அல்லது தெரிந்தும் ஏறுகிறார். அல்லது அம்மாவுக்கு எப்போதோ தெரியும். தனலெட்சுமி மனம் நோகக்கூடாது என்றுதான் தினமும் ஏறுகிறார். (மூன்றாவதை எழுதிவிட்டு எழுந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்கவில்லை.)

பெயர்கள், ஊர், தெர்மாஸின் நிறம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஆனாலும் அம்மா ஞாயிற்றுக்கிழமைக் கதைப்பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பவர். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, (நீங்கள் எங்கள் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்) உங்களை வேலியோரம் கூப்பிட்டு, "இது யாரு கதைங்க?" என்று கேட்பார். திங்கள் காலை ஐந்தேகாலுக்கு பஸ் வரும். அவர் ஏறுவாரா என்பது இனி உங்கள் பதிலில் இருக்கிறது.

என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் வாய் நனைந்தால் விஷயமும் வெளியே வந்துவிடும்; அவர் தே-ஓ கொடுத்தால் மட்டும் குடித்துவிடாதீர்கள்.