மேல் அடுக்கு, கீழ் அடுக்கு

விடுமுறை ஆய்வுக்கான உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், யாராவது ஒரு பேராசிரியர் அவளைத் தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகக் கண்ணில் பட்ட பேராசிரியர்களுக்கெல்லாம் மெயில் அனுப்பியிருந்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். கையெழுத்து கிடைக்காவிட்டால் விடுமுறை முழுக்க மாமாவின் மருந்துக் கடையில் பில் போட வேண்டும். அடுத்த பருவக் கட்டணத்துக்கு அதுதான் வழி என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று.

"நேர்ல போய்க் கேளேன்டி," என்றாள் அறைத்தோழி. "வாயத் திறந்தா முத்தா கொட்டிடும்?"

வகுப்பில் அவளுக்கு 'மியூட்' என்று பட்டப்பெயர். பதில் தெரிந்த கேள்விக்கும் கை தூக்க மாட்டாள். ஆனால் மருந்துக் கடையின் பில் மெஷின் கண்முன் வந்து நின்றபோது, வெட்கம் கொஞ்சம் விலகி வழிவிட்டது.

விதைகளை ஆராயும் மேடத்தின் அறையை, வேறு எங்கோ போகிறவள் போலப் பல தடவை கடந்த பிறகு உள்ளே நுழைந்தாள்.

"'எந்தத் துறையிலும் எந்த வேலையும் செய்யத் தயார்'னு எழுதினது நீதானா?" என்றார் மேடம். "பக்கத்து ரூம் சாருக்கும் அதே மெயில். மேல போட்ட பேர மட்டும் மாத்தியிருக்க."

அவளுக்குக் காது சுட்டது. "ஆமா மேடம்."

"எல்லாரும் பண்றதுதான். ஆனா எந்த வேலையும் செய்றேன்னு வர்றவள வச்சு நான் என்ன பண்ணட்டும்? பணம் குடுக்கறவங்க ஒண்ணுதான் கேப்பாங்க. இந்தப் பொண்ணு எதத் தெரிஞ்சுக்கப் போறா? சொல்லு."

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"இப்ப தெரியல மேடம். ஆனா சொல்லாமப் போக மாட்டேன்."

மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுவரைக்கும் லேப்ல இருந்து பாரு. கேள்வி கிடைச்சா வா. கிடைக்கலன்னா ஒரு டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

லேபில் இருந்தது ஒரே ஒரு ஆராய்ச்சி மாணவி. எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கடற்பாசிச் சாற்றில் ஊறவைத்த விதைகள் வெறும் தண்ணீரில் ஊறியவற்றைவிடச் சீக்கிரம் முளைக்கின்றன என்பதுதான் அக்காவின் கண்டுபிடிப்பு. கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது.

"சும்மா நிக்காத. இன்குபேட்டர்லேருந்து தட்டெல்லாம் எடுத்துக் குடு, எண்ணணும்," என்றாள் அக்கா. "மேல் அடுக்கு பூரா சாறு, கீழ் அடுக்கு பூரா தண்ணி. கலந்து வச்ச, உன்னையும் சேத்து ஊறப்போட்டுடுவேன்."

விதைகளை இளஞ்சூட்டில் முளைக்கவைக்கும் அந்தப் பெட்டியிலிருந்து அவள் ஒவ்வொரு கண்ணாடித் தட்டாக எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் அத்தனை ஒழுங்கு. அடுத்த நாளும் அதே ஒழுங்கு. மேல் அடுக்குத் தட்டுகளின் மூடிகளில் மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. அவள் பெட்டிக்குள் கையை விட்டு மேலே கொஞ்ச நேரம், கீழே கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். மேலேதான் சூடு அதிகம்.

"அக்கா, சாறுத் தட்டுங்க எப்பவும் மேலதானா?"

"ஆமா. மாறிப்போயிடக் கூடாதுல்ல."

"ஒரு தடவகூடக் கீழ வச்சதில்லையா?"

அக்காவின் பேனா நின்றது. "ஏன்?"

இந்த லேபில் அவளை நம்பி வேலை கொடுத்ததே இந்த அக்காதான். பேசாமல் இருந்தால் அக்காவுக்கு நல்லவள். ஆனால் விடுமுறைக்கு மருந்துக் கடைதான்.

"சீக்கிரம் முளைச்சது சாறாலயா, சூட்டாலயான்னு எப்படிக்கா தெரியும்?"

அக்கா பேனாவை மூடி வைத்தாள். பிறகு, "வந்து முழுசா ரெண்டு நாள் ஆகல. அதுக்குள்ள என் அடிமடியிலயே கைய வைக்கிற," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று இருந்தது. அவள் ஓடவில்லை. ஒரு தாளில் கேள்வியை எழுதினாள். பாதித் தட்டுகளை அடுக்கு மாற்றி வைத்து அதைச் சோதிக்கும் வழியையும் எழுதினாள். மேடத்திடம் கொண்டுபோவதற்கு முன் அக்காவைத் தேடி மாடிப்படியில் கண்டுபிடித்தாள்.

"உங்களுக்குத் தெரியாம மேடம்கிட்ட குடுக்க மாட்டேன்கா. ஆனா குடுப்பேன்."

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை. "வா," என்று எழுந்தாள். மேடத்தின் மேசையில் அந்தத் தாளை வைத்ததும் அக்காவேதான்.

மேடம் படித்துவிட்டுக் கேட்டார். "அடுக்க மாத்தினாலும் சாறுதான் ஜெயிக்குதுன்னு வந்தா? உன் கேள்வி புஸ்வாணமாயிடுமே."

"ஆகாது மேடம். அக்கா சொன்னது சரின்னு உறுதியாயிடும். அதையும் அப்படியே எழுதுவேன்."

"சாறு தோத்தா?" மேடம் அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"வெளியாள் யாராவது கட்டுரையக் கிழிக்கறதுக்குப் பதிலா, இவளே கிழிக்கட்டும்," என்றாள் அக்கா. முகத்தில் சிரிப்பில்லை.

மேடம் கையெழுத்துப் போட்டார்.

உதவித்தொகை கிடைத்த செய்தி வந்ததும் அவள் மாமாவுக்குப் போன் செய்தாள். "விதை முளைக்கிறதப் பாக்கறதுக்கா காசு குடுக்கறாங்க?" என்று மாமா நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். கட்டணத்துக்கு அந்தக் காசே போதும், கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

விடுமுறையின் முதல் நாள், ஊறவைத்த விதைகள் தட்டுகளில் தயாராக இருந்தன. சாறுத் தட்டுகளில் பாதியை அவள் கீழ் அடுக்கில் வைக்கப் போனாள்.

"இரு," என்றாள் அக்கா. "எந்தத் தட்டு எங்கன்னு நீ முடிவு பண்ணக் கூடாது. உனக்கு ஒரு ஆச இருக்கும். நானும் பண்ணக் கூடாது, எனக்கு அதவிடப் பெரிய ஆச இருக்கு."

இருவரும் தட்டுகளின் எண்களைத் துண்டுத் தாள்களில் எழுதி மடித்தார்கள். சாறு எண்கள் ஒரு கண்ணாடி பீக்கரில், தண்ணீர் எண்கள் இன்னொன்றில். இரண்டிலும் முதலில் எடுக்கும் பாதிச் சீட்டுகள் மேல் அடுக்குக்கு, மீதி கீழ் அடுக்குக்கு என்று பேச்சு. அக்கா சாறு பீக்கரைக் குலுக்கி நீட்டினாள்.

"கண்ண மூடிட்டு எடு. திருட்டுத்தனம் பண்ணாத."

"நீங்களும் எட்டிப் பாக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, அவள் முதல் சீட்டை எடுத்தாள்.