திரும்பி வருவதற்கான காரணங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு விசா விண்ணப்பத்தின் பதினேழாம் கேள்வியில் பிறந்தது. "நீங்கள் தாய்நாட்டுக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கான காரணங்களை விளக்குக." விண்ணப்பித்தவள் என் மனைவி. விளக்க வேண்டியவன் நான். வீட்டில் ஓர் எழுத்தாளன் சும்மாதானே இருக்கிறான்?

(முதலில் "அதிகாலைப் பனியில் நனைந்திருந்தது அந்தத் தெரு" என்று தொடங்கியிருந்தேன். அடித்துவிட்டேன். அன்று நாங்கள் எழுந்ததே எட்டரைக்கு.)

2

மனைவிக்குக் கண்ணாடிக்கடையின் பின்னறையில் வேலை. லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமுக்குள் கச்சிதமாக உட்காரவைக்க வேண்டும். அவளுடைய தங்கை கல்யாணமாகி வெளிநாடு போய்ப் பத்தொன்பது வருஷம். இடையில் வந்தது இரண்டே முறை; இரண்டும் சாவுக்கு. "மூணு மாசமாவது வந்து இரு, அக்கா" என்று இப்போது கூப்பிட்டிருந்தாள்.

ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த விசா ஏஜெண்டிடம் போனோம். அவர் ஃபைலைப் புரட்டினார்.

"புள்ளைங்க?"

"இல்லைங்க."

"சொந்த வீடு?"

"வாடகைதான்."

"அப்ப இவங்க திரும்பி வர்றதுக்குக் காரணம் வேணுமே சார். கொஞ்சம் வலுவா."

"நான் இருக்கேனே."

அவர் என்னைத் தலையிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்தார்.

"அது சரி சார். வேற ஏதாவது?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுதாள் என்று எழுத ஆசைதான். சிரித்தாள்.*

* இந்தக் கதையில் கணவன் பாத்திரம் பலவீனமாக இருப்பதாக எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. ஏஜெண்டுக்கு அந்தச் சந்தேகம்கூட இல்லை.

3

கடிதத்தின் முதல் வரைவு: "என் கணவர் தினமும் என் கையால் காபி குடித்தால்தான்"

மனைவி பென்சிலோடு வந்து உட்கார்ந்தாள்.

"கீழ கையெழுத்து நான்தானே போடணும்?"

"ஆமா."

"அப்ப பொய் வேண்டாங்க. காபி போடுறது நீங்க."

இரண்டாவது: "நாங்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொண்டு, பெரும்பாலும் பேசாமலேயே"

அதையும் அடித்தாள்.

மூன்றாவது: "என் கணவர் கதை எழுதுபவர். அவர் எழுதுவதை வாசிக்க என்னை விட்டால் வேறு"

(இதை நானே நிறுத்திக்கொண்டேன். நீங்கள் இருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. மன்னிக்கவும்.)

ஒருவழியாக நான்கு பக்கம் தேறியது. அதற்குள் கண்ணாடிக்கடை முதலாளியும் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். இரண்டே வரி: "இவர் மூன்று மாத விடுப்பு முடிந்ததும் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். விளிம்பில்லாக் கண்ணாடியில் உடையாமல் துளை போட எங்களிடம் வேறு ஆள் இல்லை."

ஏஜெண்ட் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது லெட்டர்!" என்றார். என் நான்கு பக்கத்தை அதற்கு அடியில் செருகினார்.

4

தூதரக நேர்காணலுக்கு விண்ணப்பித்தவருக்கு மட்டும்தான் அனுமதி. எதிர்ப்புறம் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"இந்த நாலு பக்கம் யார் எழுதினதுன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர்னேன். நிறைய எழுதியிருக்காரேன்னாங்க. ஆமாங்கன்னேன்."

"அப்புறம்?"

"போலாம்னுட்டாங்க."

ஒரு கதையின் உச்சக்கட்டம் இப்படியா இருக்கும்? வீட்டுக்கு வந்து வேறு இரண்டு எழுதிப் பார்த்தேன்.

அ) "ஏன் திரும்பி வருவீர்கள்?" என்கிறார் அதிகாரி. "இங்கே அவர் தனியாக இருக்கிறார்" என்கிறாள், கண்கள் பனிக்க. அதிகாரி எழுந்து நின்றுவிடுகிறார்.

ஆ) அதே கேள்வி. அவள் வெகுநேரம் யோசிக்கிறாள். யோசித்துக்கொண்டே இருக்கிறாள். அதிகாரி பரிதாபப்பட்டு விசா கொடுத்துவிடுகிறார்.

இரண்டையும் படித்தாள். "ஆ தேவலை" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் விசா வந்தது. அவள் கிளம்பினாள்.

5

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். பதினோராவது வாரம், நான் தலைவாரிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏங்க, இங்க இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாமாம். ஒரு கடிதம் வேணும். நீங்க எழுதினா நல்லா இருக்கும்."

"என்ன காரணம்னு எழுத?"

"பத்தொன்பது வருஷப் பேச்சு பாக்கி இருக்கு. சின்ன வயசுக் கதையிலேயே நிக்கிறோம், இன்னும் அவ கல்யாணத்துக்கே வந்து சேரல. அத ஆபீஸ் பாஷையில எழுதிடுங்க."

பின்னால் தங்கை ஏதோ சொன்னாள். என் மனைவி சிரித்தாள். மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் இந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. என் எந்த வரைவிலும் இது இல்லை.

"கடையில?" என்றேன், கடைசி நம்பிக்கையாக.

"முதலாளிகிட்டப் பேசிட்டேன். அவர் எப்படியோ சமாளிச்சுக்கிறாராம்."

ஆக, மிச்சமிருந்த காரணம் நான் ஒருவன்தான்.

பிறகு அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நீங்க எப்படி இருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க. ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அடுத்த வாரமே வந்துடுவேன்."

நன்றாக இருக்கிறேன் என்றால் அவள் அங்கே சிரித்துக்கொண்டிருப்பாள். நன்றாக இல்லை என்றால் இங்கே வந்து பென்சிலைத் தேடுவாள். இரண்டில் ஒன்று பொய். எது என்று எனக்கே

"ஏங்க? லைன்ல இருக்கீங்களா?"

வாசகரே, இவ்வளவு நேரம் கூடவே இருந்தீர்கள். போனை ஒரு நிமிடம் பிடியுங்கள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.