தாடையைக் கொஞ்சம் தூக்குங்க

ஸ்டுடியோவுக்குப் பூட்டுப் போட்டதிலிருந்து போட்டோக்காரர் தெருவில்தான் படம் எடுக்கிறார். கல்யாணம் பண்ணுகிறவர்களே குறைந்துபோன காலம். பண்ணுகிறவர்களும் செல்போனிலேயே காரியத்தை முடித்துக்கொள்கிறார்கள். பத்திரிகைக்காரர் மட்டும், "ஜனங்க படுற கஷ்டத்த எடுத்துட்டு வாங்க, போடுறோம்" என்றிருந்தார்.

எடுத்துப் போனார். பூட்டிய கடைகள், வேலை கேட்டு நிற்கும் கூட்டம், எல்லாம் இருந்தது; கஷ்டம்தான் இல்லை. ஸ்டுடியோவில் பழகிய வாய் சும்மா இருக்குமா? கேமராவைத் தூக்கினாலே, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, தோளை இறக்குங்க" என்று தானாக வந்துவிடும். வேலை போன தையல்காரர்கூடத் தலையை வாரிக்கொண்டு சிரித்திருந்தார்.

"என்ன சார், எல்லாரும் பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறாங்க?" என்றார் பத்திரிகைக்காரர். "நாளைக்கு ஒண்ணாவது உருப்படியா குடுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

"அதுவும் போச்சுன்னா கேமராவ வித்துடுவோம்," என்றாள் மனைவி. "அலமாரியில வச்சு அழகு பாக்கவா?"

மறுநாள் காலை, "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று அவள் கிளம்பினாள். அடுப்படியிலிருந்த காலி சிலிண்டரும் கூடவே கிளம்பியதை அவர் கவனிக்கவில்லை. கண்ணை வைத்துப் பிழைக்கிற மனுஷர்.

வாயை இறுக மூடிக்கொண்டு, கேஸுக்காக ஜனங்கள் விடியவிடியக் காத்துக்கிடக்கும் சிலிண்டர் வரிசைக்குப் போனார். பாதி வெயிலில், சாய்த்துப் போட்ட சிலிண்டர்மேல் உட்கார்ந்தபடியே ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த கொண்டை, செருப்பிலிருந்து நழுவிய கால், திறந்த வாய். பத்திரிகைக்காரர் கேட்டது இதுதான். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தார். வீட்டுக்காரி.

விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவேண்டியதுதான் பாக்கி.

"தாடையைக் கொஞ்சம் தூக்கும்மா."

பழக்கதோஷமா, வேண்டுமென்றே சொன்னாரா என்று தெருவில் இன்னும் பேச்சு அடங்கவில்லை. அவள் திடுக்கிட்டு விழித்து, உட்கார்ந்தபடியே வாயைத் துடைத்து, கொண்டையை முடிந்தாள்.

"அக்கா வீடு இங்கயா மாறிடுச்சு?"

"சொன்னா நீங்க வந்து நிப்பீங்க. அப்புறம் படம் எடுக்க யாரு போறது?" கேமராவைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "தூங்கறப்பவே எடுத்திருக்கலாம்ல. அதத்தானே கேட்டாங்க."

"வாயத் தொறந்துகிட்டு கெடந்தே. ஊரே பாக்கவா?"

"பாத்தா என்ன தேஞ்சா போயிடுவேன்? இப்ப கேமராதான் போச்சு."

"போகட்டும். தோளை இறக்கு."

அவள் இறக்கினாள். வரிசையில் பின்னால் நின்றவர்களும் இறக்கினார்கள். ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு, கேமராவை அவள் மடியில் வைத்தார்.

"நீ வீட்டுக்குப் போ. நான் நிக்கிறேன்."