சுயம்புவின் வண்டிக்கு ஒரு வாய்

தாராவியில் சுயம்புவின் பிக்கப் வண்டி கிளம்பினால் மாஹிமில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். சத்தத்துக்காக அல்ல, பரிதாபம் தாங்காமல். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வண்டி அது. சண்டையில் பர்மாவிலிருந்து பின்வாங்கி வந்தது என்பார்கள். அந்த இளைப்பு அதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலிலும் தீரவில்லை.

வண்டிக்கு ஒரே வேலைதான். ஜெயினுலாப்தீன் முதலாளியின் தோல் ஷாப்பிலிருந்து பதனிட்ட தோலைப் பூனாவுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் கூடப் போகிறவன். கண்டாலா ஏற்றத்தில் வண்டி திணறி நிற்கும்போதெல்லாம் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது என் உத்தியோகம். ஒருமுறை கல்லை வைத்துவிட்டு மேலே நடந்துபோய், கண்டாலாவில் முகச்சவரம் செய்துகொண்டு, டீயும் குடித்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்த கல்லை வைத்தேன்.

அந்த ஆடி மழையில் இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. ஈரம் பட்டுப் பூசணம் பூத்த தோலைப் பூனாக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி சத்தம் போடுகிறவர் அல்ல. சுயம்புவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதிலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா சர்தார் லாரிக்குச் சொல்லிருவேன், சுயம்பு. என்னையத் தப்பா நெனைக்காத.”

அந்த லோடு போனால் சுயம்புவுக்கு வேறு லோடு கிடையாது. தோல் நாற்றம் ஊறிய வண்டியில் அரிசியையோ துணியையோ யார் ஏற்றுவார்கள்?

மெக்கானிக் கணேசபாண்டியன் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தான். கோளாறு மூச்சில்தான் என்றான். எஞ்சின் காற்று இழுக்கிற இடம் புகைக்குழாயை ஒட்டியே இருக்கிறது, தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டிருக்கிறது, குளிர்ந்த காற்றைக் கொடுத்தால் மலை ஏறும் என்றான். அகலமான குழாய் ஒன்றைப் பானெட்டுக்கு வெளியே எடுத்து, நுனியில் புனல் மாதிரி ஒரு தகர வாய் வைத்துப் பற்றவைத்தான். பழைய ஃபில்டர் அந்த வாயில் உட்காரவில்லை. பெரியது சோர்பஜாரில் வெள்ளிக்கிழமை கிடைக்கும், அதுவரை வாயில் மெல்லிய துணி கட்டி ஓட்டுங்கள், தூசி மட்டும் உள்ளே போய்விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எங்கள் லோடு வியாழக்கிழமை.

கோவண்டி வரை ஓட்டிப் பார்த்தோம். வண்டி இழுத்த இழுப்பில் சயானில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். செம்பூரில் அபயாம்பாள் மாமி மாடியில் உலர்த்தியிருந்த ஒன்பது கஜப் புடவை எங்கள் பின்னாலேயே கோவண்டி வரை வந்தது. மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த மழைக்காலத்தில் சுயம்பு சிரித்தது அன்று மட்டும்தான்.

வியாழன் காலை தோலை ஏற்றித் தார்ப்பாய் கட்டி, எஞ்சினை ஓடவிட்டிருந்தோம். சுயம்புவின் மனைவி செண்பகவல்லி துன்னூற்றுப் பையோடு வந்தாள். திருநீற்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பிள்ளைக்கு இளைப்பு என்றால் வைத்தியனுக்கு முன்னால் சுடலைமாடன் கோயில் துன்னூறுதான். நெற்றியில் பூசி, வாயில் ஒரு சிட்டிகை போட வேண்டும். அவள் பானெட்டில் பட்டையாகப் பூசினாள். பிறகு குழாயின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். சுயம்பு தயங்கினான்.

“மூச்சுக்குத்தான கோளாறு? வாயில போடாம நெத்தியில மட்டும் பூசுனா எப்படிக் கேக்கும்?” என்றாள்.

அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது. அவள் போட்டது ஒரு சிட்டிகைதான். மிச்சத்தை வண்டியே அவள் கையிலிருந்து உறிஞ்சிக்கொண்டது. பை காலி.

“சாமி ஏத்துக்கிட்டாரு, பாத்தியளா” என்று சொல்லித் துணியைத் திரும்பக் கட்டிவிட்டாள்.

கோப்போலி தாண்டி ஏற்றம் தொடங்கியதும் நீலப் புகை வந்தது. எஞ்சினுக்குள் யாரோ மணலை அம்மியில் அரைப்பது போலச் சத்தம். பாதி மலையில் நின்றுவிட்டது. நான் கல் வைத்தேன். வைத்த கல்லை எடுக்க வேண்டிய அவசியம் அன்று வரவில்லை. மழை தார்ப்பாயை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பின்னால் வந்தது அந்தச் சர்தாரின் லாரியேதான். சர்தார் நல்ல மனுஷர். ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் தோலைத் தம் லாரிக்கு மாற்றிக்கொண்டு போனார். அந்த லோடு பிறகு எங்களிடம் திரும்பவே இல்லை.

வண்டியைக் கட்டியிழுத்து வந்து கணேசபாண்டியனிடம் விட்டோம். எஞ்சினைப் பிரித்தான். உள்ளே எண்ணெயும் சாம்பலும் சேர்ந்த விழுது. சிலிண்டர் முழுக்கக் கீறல். விரலில் தொட்டு முகர்ந்தான்.

“யாருவே இதுக்குள்ள துன்னூறு போட்டது?”

சுயம்பு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டான். பிறகு தணிந்த குரலில் சொன்னான்.

“எங்க வீட்டுல கேட்டா, பங்க்காரன் பெட்ரோல்ல மண்ணெண்ணெயக் கலந்துட்டாம்னு சொல்லும். இதச் சொன்னா அவ செத்துருவா.”

கணேசபாண்டியன் அப்படியே சொன்னான். வண்டி பழைய இரும்பாகப் போயிற்று. சுயம்பு சர்தாரின் லாரியில் தோல் ஏற்றி இறக்கும் கூலிக்குப் போனான்.

செண்பகவல்லி நம்பிவிட்டாள். பெட்ரோல் பங்க்கைக் கடக்கும்போதெல்லாம் நின்று, மண்ணை வாரித் தூற்றி, அந்தக் குடும்பம் விளங்காது என்று சாபமிடுவாள். பங்க்காரனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒருநாள் வெளியே வந்து, என்ன தப்பு செய்திருந்தாலும் மன்னித்துவிடு என்று ஹிந்தியில் கைகூப்பினான். அவள் மன்னிக்கவில்லை. சுயம்பு அவள் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு, வாயைத் திறக்காமல் நடந்துபோனான்.