குளிர்ந்த இன்ஜின்

வாங்க வந்தவர் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தபோது நான் பொக்லைன் மேல் அவசரமாகத் தொற்றி ஏறி, இன்ஜினில் கை வைத்தேன். சுட்டது.

பழைய இயந்திரங்கள் விற்கும் எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு பெருமைதான். வாங்க வருபவரையே இன்ஜினைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, குளிர்ந்த நிலையில் கிளப்பிக் காட்டுவோம். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்தால் நோஞ்சான் இன்ஜின்கூடச் சமர்த்தாகக் கிளம்பிவிடும். வந்திருப்பவர் இதைத் தொட்டால் எங்கள் பேரே போய்விடும்.

சாவி தங்கையின் கணவரிடம்தான் இருக்கும். தொழிலுக்குள் வந்த நாளிலிருந்தே அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகக் கண்.

"காலையில இதை ஓட்டினீங்களா, மாப்பிள்ளை?"

"நானா? சாவியை மாமா அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாரு. என்னை ஏன் திருடனைப் பார்க்கற மாதிரி பார்க்கறீங்க, மச்சான்?"

"பழியை அப்பா மேலேயே போடறீங்களா?"

பின்னால் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் நனைந்த சாக்கு. அதை இன்ஜின் மேல் அளவெடுத்தாற்போல் விரித்தார். பல வருஷம் பழகிய கை.

"பார்ட்டியை ஆபீஸ்ல உட்கார வைடா," என்றார் சாவகாசமாக. "டீ குடிச்சு முடிக்கட்டும்."

வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் டீ கொடுத்தே ஆகவேண்டும் என்று அப்பா ஏன் அடம்பிடிப்பார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.